பரமண்ணன் படித்த கடைசி வரி

பரமண்ணன் இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் இப்ராகிம் பாய். காலை ஏழு மணி இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனை எடுத்தேன். "துளசி, பரமன் போயிட்டான்பா" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். லாரி சர்வீஸில் இருபத்திரண்டு வருடம் புக்கிங் கிளார்க்காக இருந்தவனுக்கு, ஒரு டிரைவர் போயிட்டான் என்றால் எந்த ஊருக்கு என்று கேட்கத்தான் வாய் வரும்.  "கீழக்குயில்குடியில வீட்டுலதேன் கெடக்கான். பதினோரு மணிக்கு எடுக்குறாங்க. ஒன் காலுக்கு முடியும்னா வா" என்றார்.

கீழக்குயில்குடி பஸ் நிறுத்தத்திலேயே ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை, கையில் ஒரு சான்றிதழ். பரமண்ணன் வாய் நிறையச் சிரிக்கிறார். மாலையோடு அவருக்கு இருந்தது அந்த ஒரு படம்தான், கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று அவருடைய மகள் பிறகு சொன்னாள். அந்தச் சான்றிதழில் ‘பார்வை முதல் தரம்’ என்று எழுதியிருக்கும். கடைசிப் பல வருடங்கள் பகலையும் இரவையும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்த மனிதரின் சாவுக்கு அந்தப் படம். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிகிறது. அது என் கை. அந்தச் சான்றிதழை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான், அதனால் அவர் கண்ணைக் கெடுத்ததும் நான்தான்.

தனபாக்கியம் லாரி சர்வீஸில் அவரோடு வேலை பார்த்தவர்களும், அவர் வண்டியில் சரக்கு அனுப்பிய கடைக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். நாலு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். சொல்கிறேன், நாலு இருக்கிறது. நன்றாக வண்டி ஓட்டுவார். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அடுத்தவன் சரக்கில் கை வைத்ததில்லை. வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. இதையும் நல்லதில் சேர்த்துக்கொண்டால் நாலு. மற்றபடி அவருடையது நாற வாய். அந்த வாயில் விழாமல் லாரி செட்டைக் கடந்தவர் யாரும் கிடையாது.

தொண்ணூறுகளில் எங்களுக்குக் கீழவெளி வீதியில் புக்கிங் ஆபீஸ், கோச்சடையில் லாரிகள் நிற்கிற செட். பதினாலு வண்டிகள். வெளியூர் போகிறதை லைன் வண்டி என்போம். கடை கடையாகப் போய் மூட்டை பொறுக்கி வருகிற டெம்போவுக்கு லோக்கல் வண்டி என்று பெயர். லைன் வண்டி டிரைவர் செட்டுக்குள் நடக்கிற நடையே வேறு. லோக்கலுக்கு மாற்றப்பட்டவன் டீக்கடையில் கூட ஓரமாகத்தான் நிற்பான். பரமண்ணனுக்குப் போடி மலை லைன். துணியும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு மேலே போவார், ஏலக்காயோடு இறங்குவார். அவர் வந்து நின்றால் செட்டே மணக்கும். அந்த வாசனையோடு இறங்கி முதலில் என்னைத்தான் பிடிப்பார். "என்னடா பட்டுநூலு, மேசைய விட்டு எந்திரிக்காம எம்புட்டு வேல பாத்த இன்னிக்கி?" வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன் நான். அப்பா தறி நெய்தவர். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் பட்டுநூலுதான்.

மலைப் பாதையில் மூடுபனி இறங்கினால் எப்படி அண்ணே ஓட்டுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை என் மேசை மேலே தூக்கி வைத்தார், நான் எழுதிக்கொண்டிருந்த பில் மேலேயே. "டிரைவருக்குக் கண்ணு மூஞ்சியில இல்லடா. உள்ளங்கால்ல இருக்கு. ஏத்தமா எறக்கமான்னு காலு சொல்லும்" என்றார். நான் அதை உண்மை என்றே நம்பினேன். அவரும் நம்பினார் என்பதுதான் கொடுமை.

அவர் பார்வை குறைவது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. ஒரு மத்தியானம் ட்ரிப் ஷீட்டை நீட்டினேன். வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நீயே வாசி, வெயில் கண்ணுல அடிக்கிது" என்றார். நாங்கள் தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தோம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வெளிய சொன்ன, ஒன்னயத் தார்ப்பாயில சுத்தி லோடோட ஏத்தி விட்ருவேன்" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

அந்த வருடம்தான் சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்தார். அவருக்கு வயதான டிரைவர்களைப் பிடிக்காது. அவர்கள் அவரைத் தூக்கி வளர்த்தவர்கள், அதனால் அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதற்கு முன் ஒருமுறை சிரிப்பார்கள். நேரடியாகப் போகச் சொன்னால் யூனியன் வரும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். செட்டிலேயே டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம். பந்தல், பேனர், எல்லோருக்கும் தக்காளிச் சாதம். கூடவே வாய் வார்த்தையாக ஒரு சேதி: கண்ணில் கோளாறு என்று வந்தால் லைன் வண்டி கிடையாது. அதை டிரைவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார். நல்ல காரியத்தை இவ்வளவு அழகாகக் கெடுக்க முடியும் என்று நான் அன்றுவரை நினைத்ததில்லை.

முகாமுக்கு முதல்நாள் மாலை ஆஸ்பத்திரிக்காரர்கள் கொண்டுவந்த பலகையைச் செட்டுச் சுவரில் மாட்டினார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பலகை அது. ஏழு வரி. எல்லாம் ஒரே குறிதான், மூன்று கால் உள்ள சீப்பு மாதிரி. ஒரு சீப்பு இடப்பக்கம் பார்க்கும், ஒன்று வலப்பக்கம், ஒன்று மேலே, ஒன்று கீழே. கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மேல் வரியில் பானை அளவு. கடைசி வரியில் ஐந்து சீப்பு, எறும்பு அளவு. அவர்கள் கிளம்பியதும் சரக்குக்குப் போடுகிற ஒரு வே-பில் தாளின் பின்பக்கத்தில் ஏழு வரியையும் வரைந்துகொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரிய உதவி செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

பரமண்ணனை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து மனப்பாடம் பண்ண வைத்தேன். இடது, வலது, மேலே, கீழே என்று சொன்னால் இரண்டாவது வரியிலேயே குழம்பினார். "இப்பிடிச் சொன்னா மண்டையில ஏறாதுடா" என்று தாளைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். மேலே பார்க்கிற சீப்பு ஏற்றம். கீழே பார்ப்பது இறக்கம். மற்ற இரண்டும் திருப்பம். ஏழு வரியையும் ஒரு மலை ரோடாக்கிவிட்டார். "கடைசி வரியச் சொல்லவா? ரைட்டு, ஏத்தம், லெப்ட்டு, எறக்கம், மறுபடி லெப்ட்டு. அம்புட்டுத்தேன், ஊரு வந்துருச்சு." அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு இரண்டாவது டீ கேட்டார்.

மறுநாள் காலை டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். பலகையின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் இருக்காது. பக்கத்தில் நான், பெயர்ப் பட்டியலோடு. கடைசி வரிவரை சொல்லிவிட்டால் சரி என்று எழுதி அனுப்பிவிடுவாள். சொல்ல முடியாதவர்களைத் திரைக்குப் பின்னால் உள்ளே போகச் சொல்வாள். அங்கே டாக்டர் இருந்தார், கண் அழுத்தம் பார்க்கிற கருவி இருந்தது. உள்ளே போகிறவர்களை வரிசையில் நின்ற எல்லோரும் இழவு வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பரமண்ணனுக்கு முன்னால் நின்றவர் இப்ராகிம் பாய். திண்டுக்கல் லைன் ஓட்டியவர், பரமண்ணனை விட இரண்டு வயது மூத்தவர். அவருக்கும் ஒரு தாள் எழுதித் தரட்டுமா என்று நான் முதல்நாள் கேட்டிருந்தேன். "ரோட்டுல புள்ளைங்க நடக்குதுப்பா" என்று சொல்லிவிட்டார். நான்காவது வரியில் அந்தப் பெண் குச்சியை வைத்ததும், "தெரியலம்மா" என்றார். ஐந்தாவதிலும் "தெரியலம்மா". சத்தமாக, மார்க்கெட்டில் விலை சொல்கிற மாதிரி. "உள்ள போங்கய்யா" என்றாள். வரிசையில் யாரோ "பாய் போயிட்டாரு லோக்கலுக்கு" என்றான். எல்லோரும் சிரித்தோம். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் பரமண்ணன்.

பிறகு அவர் முறை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணுக்கு ஏழு வரியையும் சொன்னார். கியர் மாற்றுகிற மாதிரி தடங்கல் இல்லாமல் வந்தது. "ஏத்தம்னா என்னய்யா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, டிரைவர் பாஷையம்மா, மேலே என்று அர்த்தம் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். இரண்டாவது கண். ஒரு கண் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று அவள் நேராகக் கடைசி வரிக்குப் போனாள், அதிலும் வலது கோடியிலிருந்து ஆரம்பித்தாள். "இங்கிருந்து இந்தப் பக்கமாச் சொல்லுங்க."   பரமண்ணன் மண்டையில் ஓடியது எனக்கு அங்கேயே புரிந்தது. ரிட்டர்ன் ட்ரிப் கேட்கிறாள்.

போகும்போது லெப்ட்டாக இருந்தது வரும்போது ரைட்டு. ஏறினது இறக்கம். எந்த டிரைவரும் அப்படித்தான் சொல்வார். "ரைட்டு, ஏத்தம், ரைட்டு, எறக்கம், லெப்ட்டு" என்று மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். ஐந்தும் தப்பு. சுவரில் இருக்கிற சீப்புக்கு ஏது ரிட்டர்ன் ட்ரிப்? முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "கால் இருக்கற பக்கத்தக் கேட்டா, அஞ்சுக்கும் முதுகுப் பக்கத்தச் சொல்றீங்களேய்யா! தெரியாதவங்க ஒண்ணு ரெண்டாவது சரியாச் சொல்லிருவாங்க. அஞ்சையும் நேர்மாறாச் சொல்லணும்னா கண்ணு நல்லாத் தெரியணும்" என்றாள். கெட்டிக்காரப் பெண். இரண்டு கண்ணுக்கும் சரி என்று எழுதினாள்.

சாயங்காலம் கூட்டத்தில், ஐம்பது வயதைத் தாண்டியும் பார்வை முதல் தரம் என்று சின்ன முதலாளி வேறு வழியில்லாமல் அவருக்கு மாலை போட்டார். அப்போது எடுத்த படம்தான் போஸ்டரில் இருந்தது. புது வண்டி ஒன்று வந்திருந்தது, அதையும் அவருக்கே கொடுத்தார்கள். பாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. வண்டியைப் பிடுங்கிக்கொண்டு செட்டு வாசலில் கேட்கீப்பராக உட்காரவைத்தார்கள். அடுத்த மாதமே பெரிய கண்ணாஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்து, அவர் பார்வை சின்னப் பிள்ளை பார்வையாகத் திரும்பிவிட்டது. வண்டி திரும்பவில்லை.

இதற்குமேல் பரமண்ணன் செய்ததை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறை வண்டி கேட்டைத் தாண்டும்போதும் நிறுத்துவார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி விரலைக் காட்டுவார். "பாய், நான் யாருன்னு தெரியிதா? இது எத்தன வெரலு?" பாய் கேட்டைத் திறப்பார். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை. வருடக்கணக்கில். கண் தெரிகிற மனிதரிடம் கண் தெரியாத மனிதர் கேட்ட கேள்வி அது. அந்த வேடிக்கை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து என் முறை வந்தது. பட்டப்பகல், பதினோரு மணி. செட்டில் பரமண்ணன் வண்டிக்கு இடப்பக்கமாக நின்று மூட்டைகளின் மார்க்கைக் குறித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை. கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற இடம். கண்ணாடியைப் பார்க்காமல் சாதாரணமாகத் திரும்பினாலே தெரிகிற இடம். வண்டி நகர்ந்தது. "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன். முன் சக்கரம் என் இடது பாதத்தின் மேல் ஏறி, நின்று, இறங்கியது. இறங்கி வந்த பரமண்ணன் என் முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் குனிந்து, "யாரு? யாருடா அது?" என்றார். அந்தக் கேள்விதான் என் நினைவில் இருக்கிறது. வலி இல்லை.

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த சின்ன முதலாளி, எப்படி நடந்தது என்று கேட்டார். பரமண்ணன் கதவருகே நின்றார். என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அவர் கண் என் தலைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் நின்றது. அண்ணனுக்கு இடப்பக்கம் தெரியவில்லை என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முகாமில் எப்படிச் சான்றிதழ் வந்தது என்று தோண்டுவார்கள், தாள் எழுதிக் கொடுத்தவன் யார் என்று வரும், என் நாற்காலியும் போகும். "ஆயில் கொட்டிக் கெடந்துச்சு, வழுக்கிட்டேன் சார்" என்றேன். அவரைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைத்தான் காப்பாற்றினேன்.

ஆயில் கொட்டினதைப் பார்க்காமல் கேட்டில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அதற்கு இப்ராகிம் பாய் மாட்டினார். செட்டு முழுவதையும் சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத ஆயிலை இரண்டு நாள் தேய்த்தார். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் கட்டோடு திரும்பி வந்தபோது பாய் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "சுத்தமாயிருச்சாப்பா?" நான் ஆயிருச்சு பாய் என்றேன்.

பரமண்ணன் அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓட்டினார். யாரையும் கொல்லவில்லை. அதை அவர் திறமையில் சேர்ப்பதா, போடி மலைக்காரர்களின் அதிர்ஷ்டத்தில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் செட்டு வாசல் தூணிலேயே வண்டியை ஏற்றினார், அதுவும் பாய் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தபோது. அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, அவரைப் பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போய்விட்டது என்றார்கள். வலி இருக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், போன பார்வை போனதுதான். "அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமே. இதுவரைக்கும் டெஸ்ட்டே பண்ணலயா?" என்று டாக்டர் கேட்டார். மதினி பைக்குள் கையை விட்டார். மஞ்சள் பையில் மடிக்காமல் கொண்டுவந்திருந்த சான்றிதழை எடுத்து, பெருமையோடு மேசையில் வைத்தார். "பண்ணிருக்குங்கய்யா. மொதல் தரம்னு மாலையெல்லாம் போட்டாங்க."

டாக்டர் அதைப் படித்தார். "கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காரே! படிக்காம இருந்திருந்தா அன்னிக்கே உள்ள கூப்பிட்டு அழுத்தம் பாத்திருப்பாங்க" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். மதினிக்குப் புரியவில்லை. எனக்கும் பரமண்ணனுக்கும் புரிந்தது. அவர் கை மேசை மேல் தடவிப்போய் அந்தச் சான்றிதழைக் கண்டுபிடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது.

முழுக்கப் பார்வை போய் வீட்டோடு முடங்கியபின் இப்ராகிம் பாய் ஒருமுறை அவரைப் பார்க்கக் கீழக்குயில்குடிக்குப் போனார். போய் வந்து பாய் என்னிடம் சொன்னார். "வாசல்ல நின்னேன் துளசி. யாருன்னு கேட்டான். நல்லபடியாப் பேசணும்னுதேன் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். என் வாயி, என்னயும் மீறிக் கேட்டுருச்சு. நான் யாருன்னு தெரியிதா பரமா, இது எத்தன வெரலுன்னு. வெரல நீட்டிக்கிட்டு நிக்கிறேன்பா. அல்லா என்னய மன்னிக்கட்டும்." பரமண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சிரிச்சான். ‘ரெண்டு பாய், சரியா?’ன்னான். சரின்னு சொன்னேன். மூணு வெரலு காட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் அவரைத் தனியாகப் பார்த்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. என் நடையின் சத்தத்திலேயே, "வாடா பட்டுநூலு" என்றார். நொண்டி நடை, வேறு யாருக்கும் வராது. மதினி காபி போட உள்ளே போனதும், "காலக் காட்டு" என்றார். செருப்பைக் கழற்றி நீட்டினேன். கட்டிலில் உட்கார்ந்தபடி என் பாதத்தை மடியில் இழுத்து வைத்து விரலால் எண்ணினார். இரண்டுதான் இருந்தது, இரண்டு தடவை எண்ணினார். "நீ வழுக்கலன்னு எனக்குத் தெரியும்டா. ஒன்னய நான் பாக்கல. அன்னிக்கே தெரியும்."

"பெறகு ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வண்டியப் புடுங்கிருவாங்கல்ல" என்றார். வருத்தமில்லை, வெட்கமில்லை. பசித்தால் சாப்பிடத்தானே வேண்டும் என்கிற மாதிரி சொன்னார். பாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. என் விரல்கள், பாய் தேய்த்த தரை, எல்லாம் ஒரு ஸ்டியரிங்குக்காகவா என்று கத்தியிருப்பேன். ஆனால் அவர் கேட்டார். "நீ ஏன்டா சொல்லல?"

 என்னிடம் இருந்த பதில் அவர் சொன்னதேதான். நாற்காலியைப் பிடுங்கிவிடுவார்கள்.  காபி வரும்வரை என் பாதம் அவர் மடியிலேயே இருந்தது. கிளம்பும்போது வாசல்வரை வந்தார், கையில் குச்சி இல்லாமல். கட்டிலை விட்டு எழுந்து, "ரைட்டு" என்றார், நிலைப்படியில் "எறக்கம்" என்றார், முற்றத்தில் "லெப்ட்டு" என்றார். கண் பலகைக்காகப் படித்த படிப்பு அந்த வீட்டுக்குள் நடக்க அவருக்கு உதவியது. "போயிட்டு வாரேன்ணே" என்றேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

சாவன்று சின்ன முதலாளி வரவில்லை, மாலை மட்டும் வந்தது. லாரி சர்வீஸை மூடிவிட்டு, செட்டு இருந்த இடத்தில் அவர் கட்டியிருக்கிற கல்யாண மண்டபத்தின் பெயர் அந்த மாலை ரிப்பனில் இருந்தது. தூக்கும் நேரம், பாடையின் இடப்பக்கம் பாய் தோள் கொடுத்தார். நானும் போனேன், என் நடைக்குப் பாடை ஆடும் என்று விலக்கிவிட்டார்கள். நியாயம்தான். திரும்பும் பஸ்ஸில் பாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே எங்கோ தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படித்தார். நாகமலை என்றார். எனக்கு அது பஸ்ஸா லாரியா என்றே தெரியவில்லை. பாய் என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நாளாப்பா?" என்று கேட்டார். ஒரு வருடமாக என்றேன். யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பரமண்ணனிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். பஞ்சு அடைத்த ஒரு இடது செருப்பு. என்னை மன்னிக்கவும் செய்யாத, என்னிடம் மன்னிப்பு கேட்கவும் செய்யாத ஒரு குரல். அப்புறம் ஏழு வரிகள். ரைட்டு, ஏத்தம், லெப்ட்டு, எறக்கம், மறுபடி லெப்ட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போகவும் வரவும் சொல்வேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பாய் என்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவரில் அதே மாதிரிப் பலகை மாட்டியிருந்தது. படிக்கத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தால் எழுத்துப் பலகை காட்டியிருப்பார்கள், சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மேலிருந்து வரி வரியாக இறங்கி, கடைசி வரியில் குச்சியை வைத்தாள். வாய்வரை வந்துவிட்டது. ரைட்டு என்று ஆரம்பித்தால் போதும், மற்ற நாலும் தானாக ஓடி வரும். பின்னால் பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரி, உள்ள போங்க" என்றாள்.